நீல விளக்கின் கீழ்

வாசலிலேயே கழற்றிவிட வேண்டும்:
மோதிரம், வளையல், கம்மல்,
கழுத்தில் கிடக்கும் செபமாலை.
'எமரென்சியா, அக்காள்மடம்' என்று
பேனாவால் எழுதிய டப்பாவுக்குள் போட்டு மூடி,
முடியைத் தொப்பிக்குள் திணித்துவிட்டால்
யாருக்கும் எந்த மதமும் தெரியாது
நண்டுக் கம்பெனியில்.

ஆண்டவரே, நீர் டப்பாவுக்குள் இருப்பதாக
நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

அவித்த நண்டு மலைமலையாக வந்து விழும்.
ஓட்டை நீக்கிச் செவுளை நீக்கிச்
சதையை உடையாமல் எடுக்க வேண்டும்.
ஒரு நண்டுக்கு ஒரு அருள் நிறைந்த மரியே,
பத்து நண்டுக்கு ஒரு பரலோக மந்திரம்.
ஐம்பத்துமூன்று முடிவதற்குள் விரல் மரத்துவிடும்.
சில நாள் கணக்குத் தப்பி
ஒரே மரியே இரண்டு நண்டுக்குப் போகும்.
மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள்.
அவளும் அடுப்பு ஊதியவள்தானே.

இன்றைக்குச் செவ்வாய்.
அந்தோணியார் நவநாளும் செவ்வாய்,
குழுக்கடனும் செவ்வாய்.
காணாமல் போனதைக் கண்டெடுத்துத் தருபவரும்
ஒளிந்தாலும் கண்டுபிடித்து வந்து நிற்கும் கடன்காரத் தம்பியும்
ஒரே சாயங்காலம், ஒரே தெரு.
வள்ளத்துக்கு வாங்கிய என்ஜின் பழுது.
அதற்கு வாங்கிய கடன் மட்டும்
பழுதில்லாமல் ஓடுகிறது.
முந்நூற்று நாற்பது குறைகிறது.

காலையில் பாம்பன் பாலத்தில் பஸ் ஏறியபோது
கச்சான் அடித்து ஷட்டரெல்லாம் நடுங்கின.
வடக்கே ஒரு நிறம், தெற்கே ஒரு நிறம், கடல்.
கேட்டேன்:
காற்றையும் அலையையும் அதட்டிய வாய்தானே உமக்கு,
இந்த முந்நூற்று நாற்பதை
ஒரு அதட்டு அதட்டக் கூடாதா?
"மண்டபம், மண்டபம், இறங்கு" என்றார் கண்டக்டர்.
கிடைத்த பதில் அவ்வளவுதான்.
இறங்கினேன்.

எடைபோடும் இடத்தில் பையன்கள்
சிலுவை நண்டு ஒன்றைத் தூக்கிக் காட்டினார்கள்.
முதுகில் சுண்ணாம்பால் வரைந்ததுபோல் சிலுவை.
"யக்கா, உங்க ஆளு வந்திருக்காரு."
சிரித்தேன்.
கம்பெனி அதை வாங்காது.
சிலுவை இல்லாத நண்டுதான்
எனக்குச் சம்பளம் தருகிறது.

பதினோரு மணிக்கு இருட்டறை.
சதையைத் தட்டில் பரப்பி நீல விளக்கைப் போடுவார்கள்.
பகலில் தெரியாத ஓட்டுத் துணுக்கெல்லாம்
அங்கே பளிச்சென்று எழுந்து நிற்கும்.
ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும், சதை கலையாமல்.
பெயர் தெரியாத ஊரில் ஏதோ ஒரு பிள்ளையின்
தொண்டையில் அது குத்தக் கூடாது.

அங்கே குனிந்து நின்றபோதுதான் தோன்றியது:
என்னையும் ஒருவர்
தட்டில் பரப்பிவைத்துக் குனிந்திருக்கிறார்.
விடியலில் புருசனைப் பார்த்துச் சொன்ன அந்தச் சொல்,
பிள்ளையின் பீஸுக்கு வைத்ததை எடுத்துவிட்டு
எடுக்கவில்லை என்று சாதித்தது,
எல்லாம் அவர் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும்.
பயமாக இருக்க வேண்டும். இல்லை.
அவர் விரல் அவசரப்படவில்லை.
கிலோக் கணக்கு எழுத
அவர் பின்னால் சூப்பர்வைசர் யாரும் நிற்கவில்லை.
நான் கலைந்துவிடாமல்
ஒவ்வொரு துணுக்காக எடுக்கிறார்.

வேதாளை செய்யதம்மாள்
கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்,
"எவ்வளவு குறையுது?"
நான் சொல்லவே இல்லை.
என் உதடு எதையோ எண்ணிக்கொண்டே இருந்ததாம்.
"செபம்தான் அது" என்றேன்.
"ரெண்டுந்தான்" என்று சொல்லிவிட்டு
எனக்கு முன்னால் வெளியே போனாள்.
டப்பாவைத் திறந்தால்
செபமாலைக்கு அடியில் மடித்த இருநூறு.

இன்னும் நூற்று நாற்பது.
என்ஜின் தானாகச் சரியாகப் போவதில்லை.

நவநாளில் முழந்தாளிட்டபோதும்
விரலில் நண்டு வாடை.
மூன்று முறை சோப்புப் போட்டும் போகவில்லை.
வலைக்காரர்களோடு நடந்தவருக்கு
இது புதிதா என்ன, அப்படியே பிடித்தேன் மணியை.
வெளியே பைக் வந்து நிற்கும் சத்தம்.
நாலாவது மணியில் இருந்தேன்.
பத்தையும் முடித்துவிட்டே எழுந்தேன்.